பூசைக்குக் கழுவிய செயின்

கால்நடை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். வாழ்த்துச் சொல்ல எனக்கு வராது. வருகிறதை எழுதுகிறேன்.

பயிற்சியில் மாட்டின் கருப்பையைப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். சினை ஊசி போடுவது எப்படி, கன்று மடங்கிக் கிடந்தால் திருப்புவது எப்படி, எல்லாம் சொல்லித் தந்திருப்பார்கள். அந்த மாட்டிடம் போய்ச் சேருவது எப்படி என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மாடு உங்கள் அலுவலகத்துக்கு வராது. அது மலைக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால், தகரக் கொட்டிலில் நிற்கும். நீங்கள்தான் போக வேண்டும். அரசாங்கம் தந்த மோட்டார் சைக்கிள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று நினைக்கிறீர்கள். எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் சக்கரத்தைச் சுற்றுவது செயின். அது போனால் நீங்கள் தேயிலைக்கு நடுவில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர், அவ்வளவுதான்.

போன மாதம் அலுவலகத்துக்கு வந்தபோது வாசலில் நின்ற பைக்குகளைக் குனிந்து பார்த்தேன். ஒன்றில் செயின் தளர்ந்து தொங்கியது. ஒன்றில் கிறீஸை அள்ளி அப்பியிருந்தார்கள், அதில் ரோட்டு மண் முழுக்க ஒட்டி அரைத்துக்கொண்டிருந்தது. இன்னொன்று துருப்பிடித்துச் சிவந்து கிடந்தது. அது யாருடையது என்று கேட்டேன். "அதெல்லாம் கராஜ்ல பாத்துக்குவாங்க சேர்" என்று ஒரு தம்பி சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், பெற்றோல் வரிசைகள் ஒரு வழியாக முடிந்த பிறகு வந்த ஆயுத பூசை அது. என் வீடு பூண்டுலோயாவுக்கு இந்தப் பக்கம், தோட்டத்துக் கடைவீதிக்கு அருகில். மனைவியின் தம்பி சிவாவுக்குக் கொழும்பில் வேலை. பூசைக்கு வந்திருந்தான். நல்ல பையன். சும்மா இருக்கத் தெரியாது, அதுதான் அவனிடம் உள்ள ஒரே கெட்ட பழக்கம். நான் தூங்கி எழுந்து வருவதற்குள் என் பைக்கை மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்து, சவர்க்காரத் தூளில் கழுவி நிறுத்திவிட்டான். செயினில் இருந்த ஒயில் ஒரு சொட்டு மிச்சமில்லை. கண்ணி கண்ணியாகத் தேய்த்திருந்தான். அதோடு விட்டானா? வண்டி முழுக்கச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தவன், செயினையும் விடவில்லை. கண்ணிக்குக் கண்ணி சந்தனம்.

செயினுக்கு ஒயில் போட வேண்டும் என்றேன்.

"சாமி முன்னாடி வைக்கிற வண்டி மச்சான். ஒயில் ஒழுக ஒழுக நிப்பாட்டுவாங்களா? நாளைக்கு மறு பூசை முடியட்டும், நானே போட்டுத் தாறேன்."

என் மனைவியும் அவன் பக்கம். நானும் விட்டேன். ஆயுத பூசையில் வைத்த சாமானை மறுநாள் பூசை முடிகிற வரைக்கும் தொடுவதில்லை என்பது எங்கள் வீட்டில் மட்டுமா? மலையகம் முழுக்க அதுதான் வழக்கம். சுத்தியலும் திருப்புளியும் கத்தியும் ஓட்டோவும் லொறியும், எல்லாம் அன்றைக்கு ஓய்வு. அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் மாட்டுக்கு அது தெரியாது.

மறுநாள் காலையில் தெய்வானையின் போன் வந்தது.

தெய்வானை யார் என்று சொல்ல வேண்டும். தோட்டத்தின் மேல் டிவிசனில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். புருஷன் இல்லை. ஒரு ஜேர்சி கலப்பு மாடு வைத்திருந்தார். அந்த மாட்டுக்கு நான் மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. மூன்றாவது முறை, மாட்டை விற்றுவிடு என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். இறைச்சிக்குத்தான் போகும் என்று தெரிந்தே சொன்னார்கள். இன்னொரு முறை பார்ப்போம் என்று அவரைத் தடுத்தது நான். நாலாவது ஊசியில் நின்றது. அந்தக் கன்றுக்காக அவர் எத்தனை மாதம் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அவரை விட நான்தான் அதிகம் காத்திருந்தேன் என்றும் சொல்லலாம்.

விடியும் முன்னமே தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது, ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது, மாடு படுப்பதும் எழுவதுமாக இருக்கிறது என்றார். இரண்டு முன்னங்காலும் அதன்மேல் மூக்கும் வந்தால் சரி. ஒரு கால் மட்டும் வந்தால் உள்ளே எதுவோ மடங்கிக் கிடக்கிறது. லயத்து ஆட்கள் கூடி அந்தக் காலில் கயிற்றைக் கட்டி இழுத்தால் மாட்டின் உள்ளே கிழியும். கன்றும் போகும், மாடும் போகும்.

யாரும் இழுக்க வேண்டாம், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கள் மிருக வைத்தியர் டொக்டர் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் கண்டியில். என்னைப் போகச் சொன்னார், தலை எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல், அவசரப்பட்டு இழுக்காதே என்று சிங்களத்தில் சொன்னார். ஓட்டோ வைத்திருக்கும் இரண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒருவர் எடுக்கவில்லை. மற்றவர் மறு பூசை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

பைக்கிலிருந்து மாலையைக் கழற்றினேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிவா மட்டும், "மச்சான், கற்பூரமாவது காட்டிட்டு எடுங்களேன்" என்றான். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

செயினைப் பார்த்தேன். வெள்ளிச் சங்கிலி மாதிரி பளபளத்தது. புதியவர்களுக்குச் சொல்கிறேன், பளபளக்கிற செயினைக் கண்டால் பயப்படுங்கள். அது சுத்தமான செயின் இல்லை, காய்ந்த செயின். இரவு முழுக்கப் பனி இறங்கியதில் கண்ணிகளின் ஓரத்தில் துரு மஞ்சள் கட்டியிருந்தது. சந்தனம் காய்ந்து சீமெந்து மாதிரி இடுக்குகளில் பிடித்திருந்தது. வீட்டில் ஒயில் தகரத்தைத் தேடினேன். சிவா துப்பரவு செய்கிறேன் என்று அதையும் எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டிருந்தான். சந்தியில் கராஜ் இருக்கிறது, அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினேன்.

சந்தியில் கராஜ் வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. கதவு பூட்டு. பக்கத்துத் தேநீர்க்கடைக்காரர் வெளியே வந்தார். கராஜ் மெக்கானிக் பாஸ் எங்கே என்று கேட்டேன்.

"பாஸ் கோயிலுக்குப் போயிட்டாருங்க. அவரு சாமானத் தொட மத்தியானம் ஆகும்." என் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "சந்தனமும் பொட்டுமா மாப்பிள்ளை மாதிரி இருக்கு. எங்க, பொண்ணு பாக்கவா கெளம்பிட்டீங்க?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அந்த நேரத்தில் போன் அடித்தது. தெய்வானையின் அக்கம்பக்கத்து ஆட்கள் கயிறு கொண்டுவந்துவிட்டார்களாம். இழுக்கட்டுமா என்று கேட்கச் சொன்னார்களாம். வேண்டாம் என்றேன்.

பெற்றோல் அடிக்கிற செட்டில் ஒயில் கிடைக்கும். அது டவுனில், நான் போக வேண்டிய திசைக்கு நேர் எதிரே. டவுனுக்குப் போய்த் திரும்புவதா, அப்படியே மேலே ஏறுவதா? நான் மேலே ஏறினேன். எனக்குப் பின்னால் சிரிப்பு, காதில் கயிறு, கண்ணில் அந்த ஒற்றைக் கால். இப்படிப்பட்ட நேரத்தில் மனிதனுக்கு முன்னால் போவதுதான் வேகம் என்று தோன்றும். திரும்பிப் போவது கோழைத்தனம் மாதிரி இருக்கும். உங்களுக்கும் தோன்றும். தோன்றும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

தார் ரோட்டில் கிறீச், கிறீச் என்று மட்டும் கத்தியது. தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பி முதல் கியரில் ஏறத் தொடங்கியதும் சத்தம் மாறியது. டக். கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை. மறுபடியும் டக். கால் மிதியில் அந்த அடி தெரிந்தது. இறுகிப்போன கண்ணிகள் பல்சக்கரத்தில் சரியாக உட்காராமல் தாவுகின்றன. தூறல் வேறு. ஒவ்வொரு தாவலுக்கும் பின்சக்கரம் ஒரு கணம் வெறுமனே நின்று, பிறகு உலுக்கிப் பிடித்தது. வலது பக்கம் தேயிலைச் சரிவு. கீழே ஆறு தெரியும், அன்று மூடுபனியில் தெரியவில்லை. தெரியாதது இன்னும் மோசம்.

எங்களோடு லிந்துலையில் வேலை செய்த ஒருவருக்குச் செயின் இப்படித்தான் தாவிக் கழன்று, பின்சக்கரத்தில் சிக்கி, வளைவில் சக்கரத்தைப் பூட்டிவிட்டது. அவர் இன்றைக்கும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். அவர் போய்க்கொண்டிருந்தது சாதாரண ஊசி போட. நான் அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, அவர் மாட்டுக்காரரிடம் யாராவது சொல்லிவிட்டார்களா என்று கேட்டார். யாரும் சொல்லியிருக்கவில்லை.

முடிவில் ஒரு திருப்பத்தில் டக், டக், டக் என்று தொடர்ந்து அடித்தது. நிறுத்தினேன்.

இங்கேதான் நான் உங்களிடம் கேட்கிறேன். மேலே லயம் இன்னும் தூரம். நடந்தால் மத்தியானம் ஆகிவிடும். ஓட்டினால் செயின் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். அறுந்தால் நான் சரிவில் கிடப்பேன், மாட்டைப் பார்க்க ஒருவரும் இருக்க மாட்டார்கள், கயிறு வைத்திருப்பவர்களைத் தவிர. நின்று சரி செய்தால் நேரம் போகும். அந்த நேரம் என்னுடையது இல்லை. அந்த மாட்டுடையது.

எதால் சரி செய்வது? பையைத் திறந்தேன். மாட்டுக்கு வயிறு உப்பினால் ஊற்றுகிற பரபின் எண்ணெய் ஒரு போத்தல் இருந்தது. அது வேறொன்றுக்கும் வேண்டும். குடம் உடைந்து நேரமாகிவிட்டால் மாட்டின் உள்வழி காய்ந்துவிடும், கையை விடவும் கன்றை வழுக்கி எடுக்கவும் அந்த எண்ணெயைத்தான் ஊற்றுவோம். ஒரு போத்தல். மாட்டுக்கா, செயினுக்கா?

போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். லயத்தில் எல்லா வீட்டிலும் தேங்காய் எண்ணெய் இருக்கும், சவர்க்காரமும் சுடுதண்ணீரும் இருக்கும், மாட்டுக்கு அது போதும். இந்த ரோட்டில் செயினுக்கு இதைவிட்டால் வேறொன்றும் இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். ஆனாலும் மாட்டின் மருந்தை இரும்பில் ஊற்றக் கை வரவில்லை. போன் அடித்தது. எடுத்தேன். சிக்னல் போய்ப் போய் வந்தது. "ஐயா, எங்க வர்றீங்க?" என்பது மட்டும் கேட்டது. வருகிறேன், வருகிறேன், இழுக்க வேண்டாம் என்று கத்தினேன். கேட்டதோ இல்லையோ தெரியாது.

தேயிலைக் குச்சியை ஒடித்துக் கண்ணி இடுக்கில் இருந்த சந்தனத்தைக் கிளறினேன். இறுகின கண்ணிகளை ஒவ்வொன்றாக விரலால் இப்படியும் அப்படியும் மடக்கி, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சரிவில் பைக்கை நிறுத்திச் சக்கரத்தைத் தூக்க வழியில்லை. பிரேக்கைப் பிடித்துக் கொஞ்சம் பின்னால் உருள விட்டு, கல்லை அண்டை கொடுத்து, அடுத்த பங்குச் செயினுக்கு எண்ணெய் விட்டேன். மறுபடியும் உருள விட்டேன். போன் சட்டைப் பையில் அடித்துக்கொண்டே இருந்தது. கை முழுக்க எண்ணெய், எடுக்கவில்லை. செயின் முழுவதும் ஒரு சுற்று வரும் வரைக்கும் நான் நிறுத்தவில்லை. பாதியில் விட்டுவிட்டு ஏறலாம் என்று ஒவ்வொரு கண்ணிக்கும் தோன்றியது. பாதிச் செயின் என்று ஒன்று கிடையாது. இறுகின ஒரு கண்ணி போதும் உங்களைக் கீழே போட.

பிறகு மெதுவாக ஏறினேன். டக் என்ற சத்தம் இரண்டு முறைதான் வந்தது.

கயிறு கட்டியிருந்தார்கள். இழுக்கவில்லை. தெய்வானை மாட்டுக்கும் ஆட்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, ஐயா வராமல் ஒருவரும் தொடக்கூடாது என்று சண்டை பிடித்திருக்கிறார். கயிற்றை அவிழ்த்துவிட்டு, போத்தலில் மிஞ்சியதையும் அவர் கொண்டுவந்த தேங்காய் எண்ணெயையும் ஊற்றிக் கையை விட்டேன். கன்றின் தலை பின்னால் மடங்கி விலாவில் ஒட்டியிருந்தது. மற்றக் கால் முட்டியில் மடங்கியிருந்தது. வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். சப்பவில்லை. கண்ணை அழுத்தினேன். அசையவில்லை.

அப்போதே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. மாட்டைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. காலை நிமிர்த்தி, தலையைத் திருப்பி, மாடு முக்கும்போது மட்டும் இழுத்து வெளியே எடுத்தோம். கிடேரிக் கன்று. நல்ல வளர்த்தி. உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை. வைக்கோலால் தேய்த்தேன், பின்னங்காலைப் பிடித்துத் தூக்கிச் சளி வடிய விட்டேன், மூக்கில் ஊதினேன். தெரிந்துகொண்டேதான் செய்தேன். மாடு எழுந்து வந்து அதை நக்கியது.

தெய்வானை கை கழுவச் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தார். என் விரல் இடுக்கில் கறுப்பு மை போகவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

"வர்ற வழியில என்னங்க ஆச்சு?"

சொன்னேன். செயின் காய்ந்திருந்தது, நின்று எண்ணெய் போட்டேன் என்றேன்.

"மாடு இங்க துடிக்குது. நீங்க ரோட்டுல செயினுக்கு எண்ணெ போட்டுக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமாம்மா. போடாம ஏறியிருந்தா வந்தே சேந்திருக்க மாட்டேன்."

"நேரத்தோட வந்திருந்தா கன்னு இருந்திருக்குமா?"

தெரியாது என்றேன். அவர் கன்றைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.

டொக்டர் அம்மா பிறகு சொன்னார், நான் வீட்டை விட்டுப் புறப்படும் முன்னமே கன்று செத்திருக்கலாம் என்று. அது ஆறுதல் வார்த்தை. உடம்பு சூடாக இருந்ததே என்று நான் கேட்டேன். தாயின் சூடாக இருக்கலாம் என்றார். இருக்கலாம், இருக்கலாம். அந்த வார்த்தையோடு வாழ்ந்து பாருங்கள், அப்போது தெரியும்.

நடுவழியில் நின்றது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். நின்றதால் மாடு பிழைத்தது. சந்தியில் டவுனுக்குத் திரும்பாமல் ஏறியது பிழை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டவுனுக்குப் போய்த் தகரத்தில் ஒயில் வாங்கி நின்ற இடத்திலேயே போட்டிருந்தால், ரோட்டில் குச்சி ஒடித்த நேரத்தில் பாதிகூட ஆகியிருக்காது.

சிவாவை நன்றாகத் திட்டினேன். அழுதுவிட்டான். அவன் செய்தது பக்தி. பூசைக்குக் கழுவுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கழுவினால் துடையுங்கள், துடைத்தால் அப்போதே செயினின் உள்பக்கத்தில் ஒயில் விடுங்கள், அதற்குப் பிறகு சாமி முன்னால் நிறுத்துங்கள். சாமி மூக்கைப் பொத்திக்கொள்ளாது. மழையில் போய் வந்தால் அன்றைக்கே பாருங்கள். கிறீஸை அள்ளி அப்பாதீர்கள். எஞ்சினில் எரிந்த கழிவு ஒயிலை ஊற்றாதீர்கள். தளர்ந்திருந்தால் இறுக்குங்கள், கம்பி மாதிரி விறைக்கும்வரை இறுக்காதீர்கள், அதுவும் அறும். இதெல்லாம் கராஜ் வேலை என்று நினைக்கிறவர் அலுவலகத்தில் மேசை வேலை கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். ஒருவருக்கும் நட்டமில்லை.

மூன்று மாதம் போல ஆகியிருக்கும். தெய்வானையின் இலக்கத்திலிருந்து போன் வந்தது. எனக்கு எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன்.

"ஐயா, மாடு காலையில இருந்து கத்துது. சினை ஊசி போட வர்றீங்களா?"

வருகிறேன் என்றேன். அவர் போனை வைக்கவில்லை.

"செயினுக்கு எண்ணெ போட்டிருக்கீங்களா?"

குத்திக் காட்டவில்லை. கேலியும் இல்லை. மாட்டுக்குப் புல் போட்டாயா என்று பக்கத்து வீட்டில் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

போட்டிருக்கிறேன் என்றேன். முதல்நாள் மாலையில்தான் போட்டிருந்தேன், பொய் இல்லை. போனை வைத்துவிட்டு வெளியே போய், பைக்குக்குப் பக்கத்தில் முழங்காலைப் போட்டு, ஒவ்வொரு கண்ணியாக விரலால் மடக்கிப் பார்த்தேன். செயின் ஒரு முழுச் சுற்று வரும் வரைக்கும் பார்த்தேன். பிறகுதான் சாவியைப் போட்டேன்.